முப்பத்தொன்றாம் கிலோமீட்டர்

கிரேட் நிகோபார் தீவில், கேம்பல் பே துறையில் வந்து இறங்கிய நாளிலிருந்து நீலாவதி தன் வீட்டுக்காரரிடம் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, தெற்கே ரோடு திறந்துவிட்டார்களாம், லைட் ஹவுஸ் வரைக்கும் வண்டி போகிறதாம், தானும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, கோவிந்தராஜ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"லைட் ஹவுஸ்ல உனக்கு இன்னா வேலை?"

"சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்கறதுக்கு எவன் வண்டி வுடறான்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கோவிந்தராஜ் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வெளியே வந்தவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். கிரேட் நிகோபாரில் முன்னாள் ராணுவத்தாருக்கு நிலம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டு, பெண்சாதியையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு எழுபத்தொன்றில் கப்பலேறினார். பட்டாளத்தை விட்டாரே தவிர, பட்டாளத்து நடைமுறையை விடவில்லை. அடுப்பு எப்போது எரிய வேண்டும், வாளி எங்கே கவிழ்ந்திருக்க வேண்டும், யார் எப்போது பேசலாம் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். கை நீட்டி அடித்தவர் இல்லை. அடிக்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை என்று நீலாவதி பின்னாளில் சொல்லுவாள். அவர் குரல் உயர்ந்தால் போதும், அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். குழந்தைகளும் பிறக்கவில்லை. அந்த வீட்டில் அவர் குரலுக்கு எதிர்க்குரல் என்று ஒன்று கிடையாது.

லைட் ஹவுஸைப் பார்க்கும் ஆசையெல்லாம் நீலாவதிக்கு ஒரு துளியும் இல்லை. அந்த ரோட்டில் போகும் வழியில் அவளுடைய தம்பி இருந்தான்.

சிவஞானம் அவளுக்கு ஒரே தம்பி. தாய் போனபிறகு இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். தீவில் கொடுத்தது நிலம் என்று பேர். வந்து பார்த்தால் சாய்த்துப் போட்ட மரங்களும், ஆளுயர வேர்க்கட்டைகளும், கால் வைத்த இடத்திலெல்லாம் அட்டையும்தான். கோவிந்தராஜ் வரப்பில் நின்று உத்தரவு போட, அந்தக் கட்டைகளைத் தோண்டிப் பிடுங்கியவன் சிவஞானம். தென்னை வைத்ததும் அவன், பாக்கு வைத்ததும் அவன். கைச்செலவுக்காக நடுநடுவே ரோடு வேலைக்கும் போய்வந்தான். அங்கே கல் சுமக்க ராஞ்சியிலிருந்து வந்திருந்த கூட்டத்தில் பூல்மணி என்ற பெண்ணோடு பழக்கமாகி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னான்.

அன்றைக்கு நல்ல மழை. கோவிந்தராஜ் அவனுடைய தகரப்பெட்டியைத் தூக்கிச் சேற்றில் எறிந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி வாயில் வைக்கக் கூடாத வார்த்தைகளைச் சொன்னார். சிவஞானம் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. மழையில் நின்றபடி "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். நீலாவதி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் வெளியே வரவில்லை. அவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. எழுபத்தாறு தொடக்கத்தில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த மலையாளத்துக்காரி ஒருத்திதான் பேச்சுவாக்கில் சொன்னாள்: தெற்கு ரோட்டில், முப்பத்தொன்றாம் கிலோமீட்டரில், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழன் டீக்கடை போட்டிருக்கிறான், பெண்சாதி ராஞ்சிக்காரி. அந்த ரோட்டில் பாதி இடங்களுக்குக் கிலோமீட்டர்தான் ஊர்ப்பெயர். நீலாவதி மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த இடத்துக்குப் போவதற்கு என்ன வழி என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

பஸ் கிடையாது. ஜீப் அதிகாரிகளுக்கு. நடந்து போகிற தூரமும் இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு லாரி. திருநாவுக்கரசு என்ற காண்டிராக்டருடைய லாரி அது. ரோடு வேலை நடக்கும் கேம்ப்புகளுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் காலியாகத் திரும்பும். அதில் ஒரு பொம்பளை தனியாக ஏறிப் போனால் கேம்பல் பே முழுக்க அதே பேச்சாக இருக்கும். நாலு குடும்பத்துப் பெண்கள் சோறு கட்டிக்கொண்டு கடலோரம் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே கூட்டம் சேர்த்தாக வேண்டும். வாடகை கொடுக்க யாரிடமும் காசில்லை. காசில்லாமல் போகவும் வழி பார்க்க வேண்டும்.

லாரி டிரைவரோடு பழக்கமுள்ள ஒரே வீடு பக்கத்து நிலத்து ராஜமாணிக்கத்தின் வீடு. அவரும் பட்டாளத்துக்காரர்தான், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து ரொம்ப நாளாகியிருந்தது. எல்லைக்கல் தள்ளி நட்டிருக்கிறது என்று சொல்லி, ராஜமாணிக்கம் வைத்த தென்னங்கன்றுகளைக் கோவிந்தராஜ் ஒரு காலையில் வரிசையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டுக் கோழி இந்தப் பக்கம் வந்தால் கல்லெறி. இந்த வீட்டு மாடு அந்தப் பக்கம் போனால் கல்லெறி.

நீலாவதி, ராஜமாணிக்கத்தின் பெண்சாதி மரகதத்தை ஓடையில் துணி துவைக்கும் இடத்தில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள். மரகதம் துணியைக் கல்லில் அடிப்பதை நிறுத்தவே இல்லை.

"எங்கிட்ட எதுக்கு வந்து கேக்க? உங்க வீட்டுக்காரரு எங்க தென்னம்பிள்ளைய எல்லாம் புடுங்கிப் போட்டாருல்லா, அன்னைக்கு நீ எங்கன இருந்த?"

"வீட்லதான் இருந்தன்."

"இருந்து என்ன செஞ்ச?"

மரகதம் மிச்சத் துணியையும் அடித்துப் பிழிந்து, கூடையில் போட்டு, இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நாலடி போனவள் நின்று, தனக்கு டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டு வேண்டும் என்றும், கோவிந்தராஜ் அந்த லாரியில் காலை வைத்தால் தான் இறங்கிவிடுவேன் என்றும் சொன்னாள்.

"ஒனக்காவ ஒண்ணும் இல்ல. இந்தத் தீவுக்கு வந்து நான் கண்டதெல்லாம் கப்பல் ஜெட்டியும் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியுந்தான்" என்றாள்.

டிரைவர் ஜமீல் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே பஜாரில் துணிக்கடை. காண்டிராக்டர் தன்னை இந்தக் காட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டார் என்ற எரிச்சல் அவனுக்கு எப்போதும் உண்டு. அந்த எரிச்சலை எதிரே வருகிறவர்கள் மேல் காட்டுவான். மரகதமும் நீலாவதியும் போய்க் கேட்டபோது லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வராமலே பதில் சொன்னான். பொம்பளைகளை ஏற்றினால் மாலிக், அதான் காண்டிராக்டர், தன் தோலை உரித்துவிடுவார், இது என்ன கல்யாண வண்டியா என்றான். மரகதம் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. அவன் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன மீன்குழம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கடைசியில் அவன் கிரீஸ் கையோடு வெளியே வந்தான்.

"ஹம்மாலி ரெண்டு பேரும் போன ஜஹாஸ்ல மெயின்லேண்டுக்கு ஓடிட்டானுங்க. மால் ஏத்தி எறக்க ஆள் இல்ல. நீங்க ஏத்தி எறக்குங்க, பைசா வேணாம். ஆனா ஒண்ணு, வழியில எவளாச்சும் வாந்தி எடுத்தா அங்கயே எறக்கிவிட்டுட்டுப் போய்ட்டே இருப்பேன்."

அதாவது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களே மூட்டை தூக்க வேண்டும். நீலாவதி அப்போதே சரி என்றுவிட்டாள். மற்றவர்களிடம் அதைச் சொன்னபோதுதான் சண்டை வெடித்தது. மொத்தம் ஆறு வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தார்கள். இரண்டு பஞ்சாபி வீடு, ஒரு மலையாளத்து வீடு, ஒரு மராட்டி வீடு, மரகதம், நீலாவதி. ரேஷன் கடை வாசலில் கூடினார்கள். சுபேதார் பெண்சாதி கூலிக்காரி மாதிரி மூட்டை தூக்குவதா என்று பஞ்சாபிக்காரி கேட்டாள். தூக்காவிட்டால் வீட்டில் கிட என்றாள் மரகதம். மீன் கொண்டுவந்தால் நாங்கள் தனியாக உட்காருவோம் என்று ஒருத்தி. உங்கள் ரொட்டியை யார் கேட்டார்கள் என்று இன்னொருத்தி. முன்சீட்டு மரகதத்துக்கு என்று நீலாவதி ஏற்கெனவே வாக்குக் கொடுத்த விஷயம் வெளியே வந்ததும் எல்லாரும் சேர்ந்து நீலாவதி மேல் பாய்ந்தார்கள். இதில் அவளுக்கு என்ன லாபம், எதற்காக இப்படி விழுந்து விழுந்து ஏற்பாடு செய்கிறாள் என்று மராட்டிக்காரி சந்தேகமாகக் கேட்டாள். நீலாவதி, கடல் பார்க்கத்தான் என்றாள். கடல் வீட்டு வாசலிலேயே தெரிந்தது. யாரும் அதை நம்பவில்லை. ஆனாலும் வருவதை ஒருத்தியும் விடவில்லை.

ரேஷன் கடையில் பேசியது மாலைக்குள் கோவிந்தராஜ் காதுக்கு வந்துவிட்டது. ராஜமாணிக்கத்தின் பெண்சாதியோடு கூட்டு என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. அரிசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என் அரிசில ஒரு மணி வெளிய போவக்கூடாது. ஊர் சுத்தறவங்க அவங்க அவங்க சோத்துக்கு வழி பாத்துக்கணும்" என்றார்.

நீலாவதி மரவள்ளிக்கிழங்கைத் தோண்டி அவித்தாள். தேங்காய் துருவி மிளகாய் வைத்து அரைத்தாள். பாக்கு அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு; சிவஞானம் வைத்த மரங்கள். அதில் ஒரு பை நிறையப் பறித்து ஓலையில் சுற்றி வைத்தாள். கோவிந்தராஜ் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிளம்புகிற அன்று விடியற்காலை அவரே வந்து கதவைத் திறந்துவிட்டு, "போய்ட்டு வா. நான் தடுக்கல" என்றார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. அவர் திட்டியிருந்தால் அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

மூட்டை ஏற்றும்போதே பஞ்சாபிக்காரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஜமீல் ஒரு மூட்டைக்கும் கை கொடுக்கவில்லை. டயரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் டின்னைப் பக்கத்தில் வைக்காதே, பருப்பு மேலே ஏறாதே என்று விரட்டிக்கொண்டே இருந்தான். லாரி நகர்ந்தபோது மரகதம் முன்னால், மற்றவர்கள் மூட்டைகளின் மேல்.

அந்த ரோட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இடதுபக்கம் காலடியிலேயே கடல். சில இடத்தில் பச்சையாக, சில இடத்தில் கண் கூசும் நீலமாக, தாழைப் புதருக்கும் சாய்ந்த தென்னைக்கும் நடுவே கூடவே ஓடிவரும். வலதுபக்கம் நெருங்கிய காடு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஆனால் லாரியில் இருந்தவர்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தாள் என்று தகராறு. குரங்குக் கூட்டம் ஒன்று ரோட்டில் உட்கார்ந்து வழிவிட மறுத்தது. ஜமீல் ஹாரன் அடிக்க, ஒரு குரங்கு தாவி ரொட்டிப் பொட்டலத்தோடு போய்விட்டது. மீன் கொண்டுவந்தவர்கள்தான் வாசனையால் குரங்கை இழுத்தார்கள் என்று அதற்கு ஒரு சண்டை. பதினெட்டாம் கிலோமீட்டரில் மலைச்சரிவு மண் ரோட்டில் இறங்கிக் கிடந்தது. லாரி அதில் புதைந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். சேறு முகத்தில் அடித்தது. ஜமீல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "ஜோர் லகாவ்", பலமாகத் தள்ளுங்கள் என்று கத்தினானே தவிர இறங்கவில்லை. வண்டி வெளியே வந்தபோது நீலாவதியின் கணுக்காலில் மூன்று அட்டைகள் தொங்கின. உப்பு யாரிடம் என்று கேட்டாள். உப்பு கொண்டுவருவது உன் பொறுப்பு என்றார்கள்.

முப்பத்தொன்றாம் கிலோமீட்டர் வந்தது. ஓடைப் பாலம், அதற்கு இந்தப் பக்கம் தார்ப்பாய் போட்ட கூரை, இரண்டு பெஞ்சு. டீ குடிக்கலாம் என்று நீலாவதி சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் ஜமீல் தானாகவே நிறுத்தினான். அவன் எப்போதும் நிறுத்துகிற இடம்தான் அது.

சிவஞானம் அடுப்புக்குப் பின்னால் நின்று பால்பவுடர் கலக்கிக்கொண்டிருந்தான். முகம் ஒட்டிப்போய், கறுத்து, மீசை வைத்திருந்தான். லாரியிலிருந்து இறங்கிய பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் நீலாவதியிடம் வந்ததும் பார்வையை அடுத்தவளிடம் நகர்த்திவிட்டான். எல்லாருக்கும் கிளாஸ் வைத்தான். அவளுக்கு முன்னாலும் வைத்தான்.

"சக்கரை போதுமா பாருங்க" என்றான்.

தாய்க்குத் தாயாக இருந்தவளை அவன் ஒரு நாளும் 'நீங்க, வாங்க' என்று பேசியதில்லை. நீலாவதி பாக்குப் பையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "நீ வச்ச மரந்தான். இப்பத்தான் காய்க்குது" என்றாள்.

அவன் பையைப் பிரித்துப் பார்த்தான். "கடைக்கு வாங்கிக்கறேன். இன்னா வெலை?"

"ஞானம்."

"வெலை சொல்ல மாட்டீங்கன்னா எடுத்துட்டுப் போங்க. சும்மா வாங்கற பழக்கம் விட்டுப்போச்சு."

பெஞ்சில் இருந்த மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மரகதத்துக்குத்தான் முதலில் புரிந்தது. கிளாஸை டக்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். லைட் ஹவுஸ், கடல் என்று ஊரைக் கூட்டி, மூட்டை தூக்க வைத்து, சேற்றில் தள்ள வைத்து இழுத்துக்கொண்டு வந்தது தம்பியைப் பார்க்கவா, அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று நீலாவதியைப் பிடித்துக் கிழித்தாள். பஞ்சாபிக்காரிக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள், அவளும் சேர்ந்துகொண்டாள். ஜமீல் ஹாரனை அழுத்தி, வருகிறவர்கள் ஏறுங்கள், கேம்ப்பில் மூட்டைகளை இறக்கிவிட்டு லைட் ஹவுஸைக் காட்டிவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்றான்.

நீலாவதி ஏறவில்லை. திரும்பி வரும்போது ஏறிக்கொள்கிறேன் என்றாள். அப்படியென்றால் அவள் பங்கு மூட்டையை யார் இறக்குவது என்று மராட்டிக்காரி கேட்ட கேள்வி, லாரி பாலத்தைத் தாண்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். சிவஞானம் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தான். விறகு பிளந்தான். ரோடு கூலிகள் வந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் அவன் வரவே இல்லை. உச்சிப்பொழுதில் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. தார்ப்பாயின் ஓட்டை நேராக அவள் தலைக்கு மேல் இருந்தது. அவள் தள்ளி உட்காரவில்லை.

கடைக்குப் பின்னாலிருந்து பூல்மணி வந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண். முதுகில் துணியில் கட்டிய கைக்குழந்தை. நீலாவதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தீவு இந்தியில், சிவஞானத்தின் அக்காவா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் இறுகிப்போயிற்று. அவள் சத்தம் போடவில்லை. நின்றபடியே சொன்னாள். பெட்டியோடு வந்த அந்த மழைக்காலத்தில் சிவஞானத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. நினைவு தப்பிவிட்டது. இரண்டு பேரும் அப்போது படுத்திருந்தது தார் டிரம்களின் மேல் விரித்த தார்ப்பாய்க்கு அடியில். பிழைக்க மாட்டான் என்று கூட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். அவன் பிதற்றலில் அக்கா பேரையே சொல்லிக்கொண்டிருந்தான். பூல்மணி தன் கூட்டத்துக் கிழவர் ஒருவரைக் காட்டு வழியாகக் கேம்பல் பேய்க்கு நடக்கவிட்டாள்.

"ஆத்மி பேஜா தா" என்றாள் பூல்மணி. ஆள் அனுப்பினேன். "நீ வரவில்லை. இந்தப் பெயரில் இங்கே யாரும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டாய்."

நீலாவதி எழுந்து நின்றுவிட்டாள். அப்படி ஒரு ஆள் வந்ததே தனக்குத் தெரியாது என்றாள். அந்தக் கிழவர் யாரிடம் சொன்னார் என்று கேட்டாள். வாசலில் நின்ற ஆம்பிளையிடம், என்றாள் பூல்மணி. காக்கி அரைக்கால் சட்டை, பட்டாளத்து மீசை.

அடுப்புப் பக்கமிருந்து சிவஞானம் பேசினான். அப்போதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு எனக்கு யாரு? பெட்டிய எறிஞ்சதும் அவர்தான், ஆளத் திருப்பி அனுப்பிட்டதும் அவர்தான். அவர் அப்படித்தான். நீங்க கதவுக்குப் பின்னாலதான் நின்னீங்க. உங்க பொடவை தெரிஞ்சுது எனக்கு."

"பயந்துட்டன்" என்றாள் நீலாவதி.

"காய்ச்சல்னு சேதி உங்க காதுல விழுந்திருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அந்த நாட்களில் தான் எப்படி இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். கோவிந்தராஜ் வாசலில் நிற்க, அவரைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கி நடந்திருப்பாளா?

"தெரியலப்பா" என்றாள்.

சிவஞானம் அப்போதுதான் திரும்பினான். அவளை நன்றாகப் பார்த்தான். சமாதானமாகிவிட்டான் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. பொய் சொல்லாமல் விட்டாளே என்று நினைத்தானோ என்னவோ, பெஞ்சை ஓட்டைக்குக் கீழேயிருந்து காலால் இழுத்துத் தள்ளிப் போட்டான்.

லாரி திரும்பி வந்தபோது இன்னொரு டீ ஆயிற்று. அதற்கும் முந்தினதற்கும் சேர்த்து அவன் காசு வாங்கிக்கொண்டான். பாக்குப் பையை அவள் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தாள். அவன் எடுத்தானா, ஓடையில் போட்டானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் அவளோடு ஒருத்தியும் பேசவில்லை. லைட் ஹவுஸைச் சுற்றி ஒரே காற்று, உள்ளே விடவில்லை, தண்ணீர்கூடக் கிடையாது என்று மற்றவர்கள் தங்களுக்குள் புகைந்துகொண்டு வந்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தாள். கோவிந்தராஜ் முற்றத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாத்தாச்சா? மூஞ்சில காறித் துப்புனானா?" என்றார். காலையில் சிரித்த அதே சிரிப்பு.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடை எங்கே இருக்கிறது என்பதும், அவள் எதற்குப் போகிறாள் என்பதும், அங்கே அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதும். தெரிந்துதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"காய்ச்சல்ல கெடக்கறான்னு ஒரு கிழவர் வந்தாரா?" என்று நீலாவதி கேட்டாள்.

"எந்தக் கிழவன்?"

"ராஞ்சிக்காரர். இங்க, இந்த வாசலுக்கு."

கோவிந்தராஜ் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்கும் அவருக்குத் தேவை இருந்ததில்லை. "வந்தான். போன்னு அனுப்பிட்டன். செத்தா சாவட்டும்னுதான்" என்றார். இன்னும் என்ன என்பது போல் நின்றார்.

நீலாவதி அடுத்த லாரியில் மறுபடியும் போகப் போவதாகச் சொன்னாள். அதற்கடுத்த லாரியிலும் போவேன் என்றாள். போனால் திரும்பி இந்த வாசப்படி ஏற முடியாது என்று அவர் குரலை உயர்த்தினார். அவள் உடம்பு வழக்கம்போலக் கதவை நோக்கி நகர்ந்தது. அவளே பின்னாளில் ஒத்துக்கொண்ட விஷயம் அது. கதவின் மேல் கை வைத்தவள் அங்கேயே நின்று சொன்னாள்.

"ஏற வாணாம். இந்த நெலத்துல பாதிக் கட்டை அவன் புடுங்கினது. அந்தப் பாதில குடிசை போட்டுக்கறன். ஆள் வச்சு என்னைத் தூக்கிப் போடுங்க பாக்கலாம். ஊரே வேடிக்கை பாக்கட்டும்."

சொன்னதைச் செய்தாள். ஓலையும் மூங்கிலும் கொண்டு அவளே கட்டிய குடிசை, ராஜமாணிக்கத்தின் எல்லையை ஒட்டினாற்போல, பாக்கு மரங்களுக்கு நடுவில். ஒரே நிலத்தில் இரண்டு அடுப்பு எரிந்தது. கோவிந்தராஜ் அதிகாரிகளிடம் போய் முறையிட்டார். பெண்சாதி நிலத்தை விட்டுப் போகவில்லையே, அதில் நாங்கள் என்ன செய்வது என்று அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். மரகதம் அவளோடு சிநேகமாகவில்லை. முன்சீட்டு கொடுத்து ஏமாற்றியவள் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் குடிசையில் முதல் நாள் அடுப்பு மூட்ட நெருப்பு அவள் வீட்டிலிருந்துதான் போயிற்று. அதையும் வேலிக்குத் தன் பக்கமிருந்தே நீட்டினாள்.

மூட்டை ஏற்றி இறக்கக் கூலி கேட்காத ஆள் என்பதால் ஜமீல் அவளை மறுக்கவில்லை. மழைக்காலத்தில் ரோடு உடையும்போது தவிர, லாரி போகும்போதெல்லாம் அவள் போனாள். சிவஞானம் முதல் வருஷம் முழுக்க டீக்குக் காசு வாங்கினான். 'நீங்க' என்றே பேசினான். சில தடவை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தான். பூல்மணிதான் முதலில் அவளை விறகு எடுத்துவரச் சொல்லி வேலை ஏவினாள். அதற்கப்புறம் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. யார் மடியில் உட்காரவைப்பது என்ற பேச்சு வந்தபோது சிவஞானம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அக்கா மடியில வை" என்றான். அதோடு விறகு வெட்டக் கிளம்பிவிட்டான்.

எழுபத்தொன்பதில் பூல்மணிக்கு இரண்டாவது பிரசவம். நீலாவதி போய் அங்கேயே தங்கிவிட்டாள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஜமீல் லாரியை நிறுத்திவிட்டு, அவில்தார் சாப் ஒரு சேதி சொல்லச் சொன்னார் என்றான். காட்டுப்பன்றி நிலத்தில் இறங்கிவிட்டதாம், வேலி முழுக்க நாசமாம், அவரால் தனியாக முடியவில்லையாம், உடனே வரச் சொன்னாராம்.

நீலாவதி பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைக்கவில்லை.

"எந்தப் பாதில எறங்கிச்சுன்னு கேட்டுட்டு வா. அவர் பாதின்னா அவரே ஓட்டிக்கட்டும்."

ஜமீல் சிரித்தான். சிவஞானம் சிரிக்கவில்லை. லாரி கிளம்பிய பிறகு, பன்றிக்கு எல்லை தெரியாது, பாக்குக் கன்றையெல்லாம் தோண்டிவிடும், நாளைக்குத் தானே போய் ஒரு வேலி கட்டிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான். அந்த வாசலுக்கா என்று நீலாவதி கேட்டாள். வாசலுக்கு எதற்குப் போகிறேன், உன் பாதிக்குப் போகிறேன் என்றான். போனான். மூன்று நாள் தங்கி வேலி கட்டினான். கோவிந்தராஜ் தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரும் பேசவில்லை, இவனும் பேசவில்லை. வேலி நிலத்தின் நடுவில் சரிபாதியாக, தெற்கு வடக்காக ஓடியது.